இரண்டு நாளில் தேவசகாயம் வழித்தடம்: நட்டாலத்திலிருந்து கோட்டாறு வரை

வேளாங்கண்ணிக்கும் கோவாவுக்கும் வேன் பிடிக்கிற குமரி மாவட்டத்துக்காரர்களில் பலர், வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிற திருத்தலங்களை ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டார்கள். 2022 மே 15 அன்று உரோமையில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு வெளியூர்க் கூட்டம் பெருகியது. அதோடு ‘ஒரே நாளில் ஒன்பது தலம்’ என்று ஓடுகிற வேன்களும் பெருகின. அந்த வேனில் போய்வந்தவரிடம் எந்த ஊரில் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பாறை, கோயில், பாறை, சாப்பாடு என்பார். பயணத்தில் தவறில்லை, வரிசைதான் தவறு. இடங்களை எந்த ஒழுங்கில், எந்த நேரத்தில் பார்ப்பது என்பதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தேவசகாயத்தின் கதையில் தேதிகள் தெளிவாக உள்ளன. 1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரத்தில் அரசு வேலை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படையின் தளபதியான டச்சுக் கம்பெனிக்காரர் டி லனாயிடமிருந்து கிறிஸ்துவை அறிந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி கையால் திருமுழுக்கு. லாசரு என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று அழைத்தார்கள். 1749 பிப்ரவரியில் கைது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டில் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். மிஞ்சிய எலும்புகளைக் கோட்டாறு சவேரியார் கோயில் பீடத்துக்கு முன் அடக்கம் செய்தார்கள். நாற்பது வயது நிறையாத ஒருவரின் வாழ்வு இது. நடந்த இடங்கள் எல்லாம், வடக்கன்குளம் நீங்கலாக, ஒரே மாவட்டத்துக்குள் உள்ளன.

எந்த வழியில் போனாலும் கோட்டாறு கடைசியாக இருக்கட்டும். கல்லறையை முதலில் பார்த்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனால் மனசு ஒட்டாது. ஆனால் பல வேன்கள் நாகர்கோவிலில் தொடங்குவதால் கோட்டாற்றைக் காலையிலேயே முடித்துவிடுகின்றன. அதை மட்டும் செய்யாதீர்கள்.

கிளம்பும் முன்

மாதம் முதலில். குமரிக்கு இரண்டு மழை உண்டு. ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. மழை பெய்த பாறையில் பாசி பிடித்து வழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சும்மா விடாது. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டதே அந்தக் காற்றுக்காகத்தான். குடை திருப்பிக்கொள்ளும், மெழுகுதிரி நிற்காது, பாட்டுப் புத்தகம் பறக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பாறை சுடும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரைதான் நல்ல காலம். தவக்காலத்தின் தொடக்கமும் பெரும்பாலும் அதில் வந்துவிடும்.

திருநாள்களை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஜனவரி 14 தேவசகாயத்தின் திருநாள். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ பொங்கலும். அவர் சுடப்பட்ட காற்றாடிமலையில் கூட்டம் நிரம்பும், கடைகள் பாதி மூடியிருக்கும், பேருந்தில் நிற்க இடம் கிடைக்காது. கூட்டத்தோடு சேர்ந்து செபிப்பதே உங்களுக்கு வேண்டும் என்றால் அன்று போங்கள். தனியே உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்றால் அன்றைக்கு வீட்டில் இருங்கள்.

மகா சிவராத்திரியையும் நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. சிவாலய ஓட்டத்தில் பக்தர்கள் ஓடியே தரிசிக்கும் பன்னிரண்டு சிவன் கோயில்களில் திருவிதாங்கோடும் ஒன்று, ஓட்டம் முடிவதோ திருநட்டாலத்தில். காவி உடுத்திய பக்தர்கள் கையில் விசிறியோடு ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டு அந்தச் சாலைகளில்தான் வருவார்கள். முதல் நாள் இரவும் மறுநாளும் வேன் நகராது. நகரவும் வேண்டாம், அது அவர்களுடைய நாள்.

கிழமையில் திங்களைத் தவிருங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்கு அன்று விடுமுறை. ஞாயிறு காலையில் எல்லாக் கோயில்களிலும் பங்குத் திருப்பலி இருக்கும், சுற்றிப் பார்க்க முடியாது. செவ்வாய், புதன் அல்லது வியாழன், வெள்ளி என்று இரண்டு நாள் எடுத்துக்கொண்டால் சிக்கலில்லை. பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் கதவு சாத்தியிருக்கும். மதிய நேரத்தைப் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் விடுங்கள். எழுபது பேர் கொண்ட பேருந்துக் குழு என்றால் அந்தந்தப் பங்குத்தந்தையிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். முன்னறிவிப்பில்லாமல் போய் நின்றால் கோயில் பணியாளரான கோயில்குட்டியைத் தேடி ஊரெல்லாம் அலைய வேண்டியிருக்கும்.

குழு பெரிதாக இருப்பதைவிடச் சிறிதாக இருப்பது நல்லது. ஒரு டெம்போ டிராவலரில் அடங்குகிற 12 பேர் சரியான கணக்கு. பாறைகளின் அருகில் அதற்கு மேல் ஆள் நின்றால் பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பார்.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தாடைக்குக் கீழே கயிறு கட்டுகிற தொப்பி. தடித்த பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடி, ஏனென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் நடக்க வேண்டிய இடங்கள் உண்டு, பதினொரு மணிக்கு மேல் உள்ளங்கால் பொசுங்கும். ஒரு விவிலியம். கோடு போட்ட சிறிய நோட்டு, பேனா. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஊன்றுகோல். தீர்த்தம் எடுக்க நினைப்பவர்கள் திருகு மூடி உள்ள சுத்தமான புட்டி ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள். அங்கே போய்க் குளிர்பானப் புட்டியைக் கழுவிப் பிடித்தால் இரண்டு நாளில் நாறும்.

ஒவ்வோர் இடத்திலும் முக்கால் மணி நேரம்

அவசரமாகப் பார்த்துவிட்டுப் போவதற்குத் தீர்வு நேரக்கணக்குதான். முதல் பத்து நிமிடம் இடத்தைச் சுற்றிப் பாருங்கள், படம் எடுப்பதையும் அதிலேயே முடித்துவிடுங்கள். அடுத்த பத்து நிமிடம் அந்த இடத்துக்குரிய விவிலியப் பகுதியை ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். பிறகு கால் மணி நேரம் யாரும் பேசாமல் இருங்கள். கடைசிப் பத்து நிமிடம் நோட்டில் எழுத. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள். படித்துக் காட்ட வேண்டும் என்று தெரிந்தால் ஆள்கள் பிரசங்கம் எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஆவணத்தில் உள்ளவை, வலப்பக்கம் ஊர் வாய்மொழியாகச் சொல்பவை. திருமுழுக்கு, கைது, கொலை, அடக்கம் ஆகியவை இடப்பக்கம். 1756இல் கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையிலேயே அவருடைய மரணம் இடம்பெற்றிருக்கிறது. பாறையில் சுரந்த தண்ணீர், மணியோசை எழுப்பும் கல், தளிர்த்த வேம்பு ஆகியவை வலப்பக்கம். ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டையும் கலந்தால், வாய்மொழியில் சந்தேகம் வருகிற நாளில் ஆவணமும் சேர்ந்து ஆட்டம் காணும். உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் கதை சொல்லும்போது இடையில் புகுந்து ஆதாரம் கேட்காதீர்கள். வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், போதும்.

முதல் நாள்: மேற்கு

நட்டாலத்தில் காலை எட்டு மணிக்கு இருக்க வேண்டும். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து மார்த்தாண்டம் பேருந்தில் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். ஆட்டோக்காரரிடம் ‘நட்டாலம், தேவசகாயம் பிறந்த இடம்’ என்று முழுதாகச் சொல்லி, காத்திருந்து திரும்பவும் கொண்டுவிடக் கூலி பேசிக்கொண்டு ஏறுங்கள். வெறுமனே நட்டாலம் கோயில் என்றால் சிவன் கோயில் வாசலில் இறக்கிவிடுவார். கைப்பேசி வரைபடத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். தேவசகாயம் பெயரில் கோயில்களும் குருசடிகளும் மாவட்டம் முழுக்க உண்டு, பெயரை மட்டும் அடித்தால் வேறு ஏதோ ஓர் ஊருக்குக் கொண்டுபோய்விடும்.

நட்டாலத்தில் பார்க்க அதிகமில்லை, தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. தந்தை வாசுதேவன் நம்பூதிரி காயங்குளத்திலிருந்து வந்தவர், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பூசை செய்தவர். தாய் தேவகி அம்மா. கோயிலோடு இணைந்து வளர்ந்த பிள்ளை எதை விட்டுவிட்டு வந்தது என்பது இந்த ஊரில் நின்றால்தான் புரியும். புனிதர் பட்டத்துக்கான அறிவிப்பில் அவருடைய சாதிப் பெயரை வத்திக்கான் சேர்க்கவில்லை என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அவருக்கு எதிரான கோபத்துக்குக் காரணங்களில் ஒன்று, எல்லாச் சாதியாரோடும் அவர் கலந்து பழகியது. வாசிக்கத் தொடக்கநூல் 12, ஆபிரகாம் தகப்பன் வீட்டை விட்டுப் புறப்படும் பகுதி.

பத்து மணிக்குள் அங்கிருந்து கிளம்பித் தக்கலை வழியாகத் திருவிதாங்கோடு. மார்த்தாண்டம், தக்கலை இரண்டிலும் நெடுஞ்சாலை நெரிசல் உண்டு, கணக்கில் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

திருவிதாங்கோடு அரைப்பள்ளி தேவசகாயம் கதையைச் சேர்ந்தது அல்ல. ஆனாலும் இந்த வழித்தடத்தில் வந்துவிட்டு இதைப் பார்க்காமல் போவது நஷ்டம். தோமா அப்போஸ்தலர் கி.பி. 63இல் நிறுவியது என்பது மரபு. இப்போது மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் மரியன்னை கோயில். கோபுரம் எதுவும் கிடையாது, குனிந்த கருங்கல் கட்டடம். உள்ளே போனதும் கண் இருட்டும், இரண்டு நிமிடம் நின்றால் தூணும் சிற்பமும் தெரிய ஆரம்பிக்கும். அந்த இரண்டு நிமிடம் பொறுக்காமல் ‘ஒண்ணுமில்லையே’ என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. சுவரில் கைப்பேசி வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் உளித் தடம்கூடத் தெரியும். உள்ளே இருப்பவரிடம் கேட்டுவிட்டு அதைச் செய்யுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியவை சில. செருப்பை வெளியே விட வேண்டும். பெண்கள் தலையில் முக்காடு. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பக்கம் நிற்பார்கள். குருவை ‘அச்சன்’ என்று அழைப்பார்கள், வழிபாடு ‘குர்பானா’, பெரும்பாலும் மலையாளத்தில். குர்பானா நேரத்தில் போய்ச் சேர்ந்தால் நின்று பங்குபெறலாம், ஆனால் நற்கருணை வாங்க வரிசையில் போகாதீர்கள். அது அவர்கள் சபையாருக்கு உரியது. தெரியாமல் போய் நின்று, அச்சனைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிற கத்தோலிக்கர்கள் ஏராளம். வாசிக்க யோவான் 20:24 முதல் 29 வரை, தோமா சந்தேகித்துப் பிறகு நம்பும் பகுதி. வேறு எந்தப் பகுதியும் இந்த இருட்டுக்குப் பொருந்தாது.

சாப்பாட்டைத் தக்கலையில் முடித்துக்கொள்ளுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு மணிக்கு நுழைவுச்சீட்டு நிறுத்தி இரண்டு மணிக்குத்தான் மீண்டும் தருவார்கள். கேரள அரசின் பொறுப்பில் உள்ள இடம் அது. மரவேலைப்பாட்டைப் பார்க்கப் போனால் முழு மதியமும் அதிலேயே போய்விடும். வழித்தடப் பயணிகளுக்கு எங்கள் ஆலோசனை, அரண்மனையை இன்னொரு நாளுக்கு வைத்துவிட்டு நேரே உதயகிரிக் கோட்டைக்குப் போவதே. பிற்பகல் மூன்றரைக்குள் உள்ளே இருக்க வேண்டும்.

புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டியே கோட்டை. இப்போது வனத்துறையின் பூங்கா, நுழைவுச்சீட்டு உண்டு. மான், பறவைக்கூண்டு என்று குழந்தைகள் அலைவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே கூரையிழந்து நிற்கும் சிற்றாலயத்தை. அங்கேதான் டி லனாயின் கல்லறை. கல்லில் இலத்தீன், தமிழ் இரண்டிலும் எழுத்து. 1777 ஜூன் 1 அன்று 62ஆம் வயதில் இறந்தார். ஏறக்குறைய 37 ஆண்டு அரசருக்கு உழைத்தவர் என்கிறது இலத்தீன் வாசகம். பக்கத்தில் மனைவி, மகன் கல்லறைகள். தேய்ந்த எழுத்தைப் படிக்கச் சுண்ணாம்போ பவுடரோ பூசாதீர்கள், கல் கெடும். நாலு மணி வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானாகவே எழும்பித் தெரியும்.

இந்தக் கல்லறை முன்னால் பலர் இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை, புனிதர் அல்லாதவர் என்பதாலோ என்னவோ. இந்த மனிதர் இல்லாவிட்டால் தேவசகாயம் இல்லை. ஆடு மாடு இழந்து மனம் நொந்திருந்த நீலகண்டனுக்கு யோபுவின் கதையை இவர் சொன்னார் என்பது மரபு. அதனால் இங்கே யோபு 1ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். நோட்டில் எழுத ஒரு கேள்வியும் போதும்: உங்களிடம் யார் முதலில் சொன்னார்?

கோட்டையிலிருந்து பக்கத்தில்தான் முட்டிடிச்சான் பாறை. கைதியாக நடத்திக்கொண்டு போகும்போது தாகம் தாங்காமல் செபித்து முழங்கையால் பாறையில் இடித்தார், தண்ணீர் சுரந்தது என்பது ஊர் வழக்கு. பாறையில் உள்ள சிறு குழியில் நீர் நிற்கும். வரிசையில் நின்று, அங்கே இருப்பவர்கள் சொல்லும் முறையில் எடுங்கள். கையை உள்ளே விட்டு அளையாதீர்கள். ஒரு புட்டி நிறைய எடுக்க வேண்டும் என்று நிற்காமல் ஒரு வாய் அளவு எடுத்தால் பின்னால் நிற்பவருக்கும் கிடைக்கும். கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் அதைக் குடிக்கக் கொடுக்காதீர்கள், நெற்றியில் தொட்டு வைத்தால் போதும். வாசிக்க விடுதலைப் பயணம் 17:1 முதல் 7 வரை, பழைய மொழிபெயர்ப்பில் யாத்திராகமம். முதல் நாள் இங்கே முடியட்டும். இரவு நாகர்கோவிலில் தங்குங்கள், மறுநாள் அதிகாலையில் எழ வேண்டும்.

இரண்டாம் நாள்: கிழக்கு

ஆறரை மணிக்குக் காற்றாடிமலை அடிவாரத்தில் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி சாலையில் ஆரல்வாய்மொழி பதினைந்து கிலோமீட்டர் அளவில். பேருந்தில் வருபவர்கள் நடத்துநரிடம் நிறுத்தம் உண்டா என்று கேட்டு ஏறுங்கள், விரைவுப் பேருந்துகள் நிற்காமல் போய்விடும். அந்த இடத்தைத் தேவசகாயம் மவுண்ட் என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான்.

ஏன் அதிகாலை? கிழக்கு வெயில் ஏறிவிட்டால் பாறையில் வெறுங்காலோடு நிற்க முடியாது, நின்றால்தான் செபம். காற்றும் வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும். ஏழரை மணிக்கு மேல் ஏற ஆரம்பிக்கிற குழு, இறங்கும்போது நிழல் தேடுவதிலேயே குறியாக இருக்கும். கடைசி நாள்களில் அவரை அடைத்து வைத்திருந்ததும் சுட்டதும் இந்த மலைப்பக்கத்தில்தான். உடலைக் காட்டில் எறிந்துவிட்டுப் போனார்கள். சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் வந்து மிஞ்சிய எலும்புகளைப் பொறுக்கிக் கோட்டாற்றுக்குக் கொண்டுபோனார்கள்.

அவர் முழங்காலிட்டு வேண்டிய இடம் என்று பாறையில் தடம் காட்டுவார்கள். அதன்மேல் ஏறி நிற்காதீர்கள், தடத்தில் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். எண்ணெய் வழிந்த பாறையில் அடுத்து வருபவர் விழுவார். மெழுகுதிரியைத் திறந்த வெளியில் ஏற்றி ஐந்து தீக்குச்சி வீணாக்காமல், அதற்கென்று வைத்திருக்கும் கூண்டுக்குள் ஏற்றுங்கள்.

மணியடிச்சான் பாறையில்தான் கூட்டம் அதிகம் விளையாடும். அவரைச் சுட்டபோது மலையிலிருந்து பாறை ஒன்று உடைந்து மணிபோல ஒலித்தது என்பது மரபு. இன்றும் சிறு கல்லால் தட்டினால் ஒலிக்கும். தட்டும் முறை இருக்கிறது: கைக்குள் அடங்கும் கூழாங்கல்லை விரல் நுனியில் தளர்வாகப் பிடித்து, தட்டியதும் எடுத்துவிட வேண்டும். அழுத்திப் பிடித்து இடித்தால் ‘டக்’ என்று செத்த ஓசைதான் வரும். உள்ளங்கையைப் பாறையில் ஊன்றிக்கொண்டு தட்டினாலும் அதிர்வு குறையும். ஏற்கனவே தட்டித் தட்டி வெளுத்த இடத்திலேயே தட்டுங்கள், புதிய இடத்தைக் காயப்படுத்தாதீர்கள். அடியில் சில முனைகளில் மட்டும் தாங்கி நிற்கும் கருங்கல் இப்படி அதிர்ந்து ஒலிப்பது உண்டுதான். அதைத் தெரிந்துகொண்டு தட்டினாலும் ஒலி குறைவதில்லை. குழுவில் ஆளுக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால் பக்கத்தில் செபிப்பவருக்கும் தொந்தரவில்லை.

இங்கே வாசிக்கத் திருத்தூதர் பணிகள் 7:54 முதல் 60 வரை. பேசாமல் இருக்கும் கால் மணி நேரத்தை இங்கே மட்டும் அரை மணியாக்குங்கள். முதல் நாள் எதுவும் எழுதாதவர்கள்கூட இங்கே எழுதுவார்கள்.

ஒன்பது மணிக்குக் கீழே இறங்கிக் காலைச் சாப்பாடு. பனை சீசனில் வந்திருந்தால் சாலையோரம் அக்கானி (பதநீர்) கிடைக்கும். காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளிக்கும்.

அடுத்து வடக்கன்குளம். காவல்கிணறு வழியாக மாவட்ட எல்லையைத் தாண்டித் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் போக வேண்டும். திருமுழுக்கு நடந்த ஊரைக் கொலை நடந்த இடத்துக்குப் பிறகு பார்ப்பது காலவரிசைக்கு ஒத்துவராதுதான். ஆனால் பாறைச் சூட்டுக்காக இந்த ஒரு விட்டுக்கொடுப்பு. ஞானப்பூ அம்மாளை நினைப்பதற்கும் இந்த வரிசை தோதானது. தேவசகாயத்தின் மனைவியான அவர், கணவர் கொல்லப்பட்ட பிறகு எஞ்சிய காலத்தை இந்த ஊரில்தான் கழித்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்புகிற குழுக்களே அதிகம். உரோமையர் 6:3 முதல் 11 வரை வாசித்து, திருமுழுக்கு வாக்குறுதிகளைச் சேர்ந்து புதுப்பிக்கலாம். குழுவில் குரு இருந்தால் முன்கூட்டியே சொல்லித் தீர்த்தம் தயார் செய்யச் சொல்லுங்கள்.

இந்த ஊரின் மாதா கோயிலுக்கு இரண்டு நீண்ட கைகள், நடுவில் ஒரே பீடம். 19ஆம் நூற்றாண்டில் சாதிக்கு ஒரு கை என்று கட்டினார்கள். இடையில் இருந்த சுவர் பிறகு இடிக்கப்பட்டது. வழிகாட்டிகள் பலர் இதைத் தொடாமல் தாண்டிவிடுவார்கள். தாண்ட வேண்டாம். நேற்று நட்டாலத்தில் எழுதிய பக்கத்தை இங்கே திறந்து மறுபடி படியுங்கள்.

மயிலாடி பக்கம் போக நேரமிருந்தால் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து லண்டன் மிஷனின் வேலையைத் தொடங்கிய ஊர், அவரை அழைத்துவந்தவர் அந்த ஊர் வேதமாணிக்கம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குழுக்கள் இதையும் நாகர்கோவில் ஹோம் சர்ச்சையும் தனியாக ஒரு நாள் வைத்துப் பார்ப்பதே நியாயம். இடைச்செருகலாகப் பார்த்தால் இரண்டுக்கும் அநீதி.

மதிய ஓய்வுக்குப் பிறகு நாலு மணிக்குப் பெருவிளை. ஆசாரிபள்ளம் பக்கம் உள்ள ஊர் இது. விளை என்று முடியும் ஊர்கள் குமரியில் எக்கச்சக்கம், ஆட்டோவில் ஏறும்போது ‘ஆசாரிபள்ளம் பெருவிளை’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். வேப்பமரத்தில் அவரைச் சங்கிலியால் கட்டி மாதக்கணக்கில் வைத்திருந்த இடம் என்று மரபு. வேப்பிலையை மருந்தாக எடுத்துப் போகிறார்கள். கிளையை ஒடிக்காமல் கீழே உதிர்ந்ததை எடுங்கள். தொடர்ந்து சாப்பிடும் மருந்தை அதற்காக நிறுத்திவிடாதீர்கள். பத்மநாபபுரத்திலிருந்து அவரை எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துவந்தார்கள். அந்த அவமானம் முடிந்து கட்டுண்டு கிடந்த இடத்தில் வாசிக்க 2 கொரிந்தியர் 4:7 முதல் 12 வரை.

கோட்டாறு

ஐந்தரைக்குள் கோட்டாறு புனித சவேரியார் பேராலயம். நாகர்கோவில் ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரும் தூரம். மாலைத் திருப்பலி நேரத்தை முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள், நேரம் காலத்துக்கேற்ப மாறும்.

கோயிலுக்குப் பழைய வேர் உண்டு. பிரான்சிஸ் சவேரியார் 1544இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக 1545 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். கோட்டாறு அவர் நினைவோடு வளர்ந்த ஊர். 1930இல் மறைமாவட்டமும் ஆனது. 2012 டிசம்பர் 2 அன்று தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் வழங்கிய விழா நடந்ததும் நாகர்கோவிலில்தான்.

உள்ளே போனதும் கல்லறைக்கு ஓடாதீர்கள். முதலில் பின்பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் நோட்டையும் புரட்டுங்கள். பிறகு ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போகட்டும், ஆளுக்கு மூன்று நிமிடம், 12 பேருக்கு நாற்பது நிமிடத்துக்குள் முடியும். குழுவாகச் சூழ்ந்து நின்று பாட்டுப் பாடுவது வேண்டாம், தினமும் வந்து செபிக்கும் ஊர்க்காரர்களுக்கு அது இடைஞ்சல். 2 திமொத்தேயு 4:6 முதல் 8 வரை அவரவர் மனதுக்குள் வாசிக்கலாம். நேர்ச்சையாக உப்பு, மிளகு வைக்க விரும்புபவர்கள் அதற்குரிய இடத்தில் மட்டும் வையுங்கள், கல்லறை மேல் தூவாதீர்கள். உப்பின் ஈரம் கல்லை அரிக்கும்.

நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3 வரை பத்து நாள் சவேரியார் திருவிழா. தேர் நாள்களில் இந்த வழித்தடத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். டிசம்பர் 3 மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, கோட்டாறு சாலைகள் அடைபடும், கல்லறைக்குப் பக்கத்தில் போகவே முடியாது. தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்பவர்களோடு சேர விரும்பினால் வழித்தடத்தைத் தனியாக வைத்துவிட்டு அன்று மட்டும் வாருங்கள். அது வடகிழக்கு மழைக்காலம் என்பதால் மாற்றுத் துணி ஒன்று பையில் இருக்கட்டும், செருப்புக்குப் பாலிதீன் பையும்.

திருப்பலி முடிந்து வெளியே வரும்போது ஏழு மணி ஆகிவிடும். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் போகிறவர்கள் வடசேரிக்கு ஆட்டோ பிடிக்கலாம். கடலோர ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு அண்ணா பேருந்து நிலையம். கடைசிப் பேருந்து நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.